அரைக்கம்பக் கொடியும் வீரர் வணக்கமும்

போரில் உயிர் நீத்தோரைப் போற்றுதல் எல்லா நாட்டவர்க்கும் பொதுவான பண்பாகும். போற்றும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடினும், அம்முறைகள் அனைத்தும் துயரத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்னும் ஒரே கருத்தின்மேல் நிற்பன.

துக்க நாளிற் கொடியை நேரே கம்பத்தின் நடுவிற் கட்டிவிடுதல் முறையன்று. முதலில் அதனை உச்சிவரை ஏற்றிப் பின்னரே அரைக்கம்பத்துக்கு இறக்கல் வேண்டும். மாலையில் முற்றாக இறக்குமுன்னரும் மீண்டும் உச்சிக்கு உயர்த்துதல் மரபு. நாட்டின் மதிப்புக் குன்றவில்லை, நாட்டவரின் மகிழ்ச்சியே குன்றியது என்பதை இவ்விரு ஏற்றங்களும் உணர்த்துவனவாகக் கொள்ளலாம். இவ்வழக்கம் கடலோடிகளிடமிருந்து வந்ததென்பர். 1612இல் கிறீன்லாந்துக் கரையில் தலைவனை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று கொடியைத் தாழ்த்தித் திரும்பியமை இதற்குப் பழைய சான்றாகக் கூறப்படும். கொடிக்கு மேலுள்ள வெற்றிடம், கண்ணுக்குப் புலனாகாத மரணத்தின் கொடிக்கு உரியதென விளக்குவாரும் உளர்.

வீரரின் பெட்டிமீது கொடி போர்த்துவதிலும் நுட்பம் உண்டு. இந்தியக் கொடி விதிகளின்படி காவி நிறப் பகுதி தலைப்பக்கம் அமைதல் வேண்டும். அக்கொடியைக் குழியில் இறக்குதலும் சிதையில் எரித்தலும் ஆகா. உடல் மண்ணுக்கோ நெருப்புக்கோ செல்ல, கொடி உயிரோடிருப்போரிடம் மீள்கின்றது. படையினர் துப்பாக்கி வாயை நிலம் நோக்கத் திருப்பித் தலைகவிழ்ந்து நிற்பர். பாசறையில் நாள் முடிந்ததை அறிவித்த எக்காள ஒலியே வாழ்நாள் முடிந்தவனுக்கும் முழங்கும். இரண்டு நிமிட மௌனம் 1919ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் தேதி பிரித்தானியப் பேரரசெங்கும் அனுட்டிக்கப்பட்டது.

முதலாம் மகாயுத்தத்தில் மாண்டோருக்காகச் சேர் எட்வின் லட்யன்ஸ் வகுத்த நினைவுத்தூண், 1923இல் கொழும்புக் காலிமுகத்திடலிலே திறந்துவைக்கப்பட்டது. இரண்டாம் மகாயுத்த காலத்தில் அஃது இன்றைய விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பெயர்க்கப்பட்டது.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என நடுகல் வழிபாட்டின் படிகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று ஆகோட் பூசலில் இறந்தவனுக்கு உரியது. அதில் மாண்டவன் பெயர் உண்டு; ஊர் உண்டு; பகைவரைப் பற்றிய வசை ஒன்றுமில்லை.

இவ்வொழுங்கு குலைந்தால் நேர்வது யாது என்பதைப் பொரளை அறியும். 1983ஆம் ஆண்டு யூலை 23ஆந் தேதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். உடல்களை உறவினரிடம் ஒப்படையாது, மறுநாள் மாலை பொரளைக் கனத்தை மயானத்தில் ஒருங்கே இறுதிக்கிரியை நடத்த அரசு ஏற்பாடு செய்தது. உடல்கள் வந்துசேரத் தாமதமாயிற்று. உறவினரோடு பெருங்கூட்டமும் திரண்டு பொறுமை இழந்தது. ஈற்றிற் சடங்கு கைவிடப்பட்டு, உடல்களைக் குடும்பத்தாரிடம் அனுப்ப முடிவாயிற்று. அன்றிரவே பொரளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கின. அடுத்த நாட்களில் அத்தீ வெள்ளவத்தை முதலிய பகுதிகளுக்கும் நாட்டின் பிறவிடங்களுக்கும் பரவியது. குற்றமற்றோர் பெருந்தொகையாக மாண்டனர், எண்ணற்றோர் அகதிகளாயினர்.

இதற்கு மயானத்தில் நேர்ந்த தாமதம் மட்டுமே காரணமன்று. நெடுநாளைய அரசியற் பகைமை பின்னணியாக நின்றது. வாக்காளர் இடாப்பைக் கையிற்கொண்டு தமிழர் இல்லங்களைத் தேடிச் சென்றோரும் இருந்தனர். எனினும், தாய்தந்தையர் தனியே அழவேண்டிய துயரம் பொதுக் காட்சியாக்கப்பட்டபோது பகைக்கு ஒரு மேடை கிடைத்தது என்பதை மறுத்தல் இயலாது.

வீரர் வணக்கத்தில் முதலுரிமை குடும்பத்தாருடையது. அரசின் மரியாதை அதற்குத் துணையாக நிற்றல் வேண்டுமேயன்றி, அதன் இடத்தைக் கவர்தல் கூடாது. மாண்டவன் எப்பக்கத்தவனாயினும் அவனுக்காக விளக்கேற்றும் உரிமை அவன் தாய்க்கு உண்டு. அவ்வுரிமையை இருபாலார்க்கும் ஒப்ப வழங்கும் நாட்டிலேயே அரைக்கம்பத்திற் பறக்கும் கொடி எல்லாருடைய கொடியாகும்.