காதல் வேண்டாம், மந்திரம் போதும்!

ரெயில் பயணத்தில் கேட்கத் தகுந்த மாயக் கதைகள்

காலை நேரத்தில் டோம்பிவிலியில் மின்சார ரெயில் ஏறுகிறவருக்குப் பத்திரிகையை விரித்துப் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. ஒரு கை மேலே கம்பியில்; இன்னொரு கை சாப்பாட்டுப் பையில். சும்மா இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்கு வேலை கொடுப்பதுதான் ஒலிப்புத்தகம்.

ஐம்பத்தைந்து வயதுக் குமாஸ்தா ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிறு வயதில் அம்புலிமாமாவை வரி விடாமல் படித்தவர். பகலெல்லாம் கணக்குப் பார்த்த கண் இப்போது சர்க்கரை வியாதியால் மங்கி வருகிறது. பொடி எழுத்து தெரியவில்லை. மறுபடியும் வேதாளமும் பூதமும் வரும் கதை ஒன்றைக் கேட்க மாட்டோமா என்று ஆசை. மகனிடம் சொல்கிறார். மகன் செல்போனில் தேடிக் காசு கட்டி வாங்கியும் தருகிறான். ஆனால் அதில் பூதம் கொஞ்சம், காதல் அதிகம்! இரண்டே நாளில் அவர் காதுக் கருவியைக் கழற்றி வைத்து விடுகிறார்.

அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்

இப்படி ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் இப்போது மாயமும் காதலும் கலந்த நாவல்களுக்கு மவுசு அதிகம். சாரா மாஸ் எழுதி 2015-ல் தொடங்கிய தேவதை உலக வரிசையும், ரெபெக்கா யாரோஸ் 2023-ல் எழுதிய 'ஃபோர்த் விங்' நாவலும் அந்த வகை. பின்னதில் பறக்கும் நாகங்கள் நிறையவே உண்டு. ஆனாலும் கதையை இழுத்துச் செல்வது காதல்தான். கேட்டு முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விரும்புகிறவர்களுக்கு அது விருந்து. வேதாளத்தைத் தேடி வந்தவருக்கோ வீண் செலவு.

ஆகவே வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கதைச் சுருக்கம். கதாநாயகன் எதைத் தேடிப் போகிறான், புதையலையா, பெண்ணையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, நீளம். முதல் முறை கேட்பவருக்கு 4 முதல் 11 மணி நேரம் போதும். மூன்றாவது, குரல். விற்பவர்கள் பெரும்பாலும் சில நிமிட மாதிரியை இலவசமாகக் கேட்க விடுகிறார்கள். வண்டிச் சத்தத்திலும் சொல் விளங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் வேகமாக ஓடினால் வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதியும் உண்டு.

ஒரு வாரப் பயணத்துக்கு ஒரு புத்தகம்

டோல்கீன் 1937-ல் வெளியிட்ட 'தி ஹாபிட்' இதற்கு நல்ல உதாரணம். வீட்டை விட்டு நகராத பில்போ என்ற குட்டை மனிதன், ஒரு மந்திரவாதியும் 13 குள்ளர்களும் அழைக்க, நாகம் காக்கும் புதையலைத் தேடிப் போகிறான். காதல் என்ற பேச்சே இல்லை. ராப் இங்கிலிஸ் படித்த ஒலிப்பதிவில் பாட்டுகளையும் அவரே பாடுகிறார். சுமார் 11 மணி நேரம். தினம் 2 மணி நேரம் கேட்டால் ஆறு வேலை நாளில் முடிந்துவிடும். 13 குள்ளர்களின் பெயர்கள் முதலில் குழப்பும். நாலைந்து பெயர் பிடிபட்டால் போதும், கதை விட்டுப்போகாது.

அடுத்தது, உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எர்த்சீ' மந்திரவாதியின் கதை. தீவு ஒன்றில் ஆடு மேய்க்கும் சிறுவன் மந்திரம் கற்கிறான். ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதை ஆள முடியும் என்பதுதான் அங்குள்ள மந்திரம். கர்வத்தால் அவன் எழுப்பிவிட்ட நிழல் ஒன்று அவனையே துரத்துகிறது. சின்னப் புத்தகம், ஆனால் பெரியவர்களை யோசிக்க வைக்கும்.

டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 41 நாவல்கள் உண்டு. சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் சிரிப்பெல்லாம் ஆங்கிலச் சொல் விளையாட்டில் இருப்பதால், காது பழகிய பிறகு அதற்குப் போவதே நல்லது.

நம் வேதாளம் இருக்கிறதே!

தமிழில் கேட்க விரும்புவோருக்கு விக்கிரமாதித்தன் கதைக்கு நிகர் வேறில்லை. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே வேதாளத்தின் 25 கதைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறிது, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி. இடையில் காதல் வந்தாலும் வேதாளம் கேட்பது நியாயத்தைத்தான். தாணே வருவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். பதிலை யோசிக்க மீதிப் பயணம் இருக்கிறது. மதனகாமராஜன் கதையிலோ மாயத்துக்குச் சமமாகப் பெண் தேடும் படலமும் உண்டு. அறிந்து வாங்குக.

தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் மும்பையில் வளரும் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கேட்கலாம். பாட்டி சொல்ல வேண்டிய கதை அப்படியாவது அவர்கள் காதில் விழும்.

கண் தெரியாதவர்களுக்கு

பேசும் புத்தகம் வளர்ந்ததே பார்வை இழந்தவர்களுக்காகத்தான். பிரிட்டனில் 1935-ல் அது இசைத்தட்டுகளாக வந்தது. பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை மாற்றித் தர வழி செய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தில் பல இந்திய மொழிப் புத்தகங்கள் உள்ளன. பார்வைக் குறைவால் அச்சு படிக்க முடியாதவர்கள் அதில் சேரலாம்.

காசு இல்லாமலும் கேட்கலாம்

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு 2005-ல் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' இருக்கிறது. பதிப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தொண்டர்கள் படித்துப் பதிவு செய்து இலவசமாகத் தருகிறார்கள். வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் சிக்னல் போனாலும் கதை நிற்காது.

அங்கே முதலில் கேட்க வேண்டியது 1900-ல் பிராங்க் பாம் எழுதிய 'ஓஸ் நாட்டு மந்திரவாதி'. எளிய ஆங்கிலம், 24 சிறு அத்தியாயங்கள். சூறைக்காற்று தூக்கிப் போன டாரதி என்ற சிறுமி மாய நாட்டில் விழுகிறாள். பளபளக்கும் நகரம், பயமுறுத்தும் சூனியக்காரி, கடைசியில் வேஷம் கலைந்து நிற்கும் மந்திரவாதி என்று எல்லாவற்றையும் பார்க்கிறாள். ஆனால் அவள் கேட்கும் வரம் ஒன்றே ஒன்று: சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும்.

தாதர் கூட்டத்தில் நசுங்கியபடி அதைக் கேட்கும் தமிழருக்கு அந்த வரத்தின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.