ஸ்டீரியோவுக்கு ஏழு லட்சம் எதற்கு?

செம்பூரில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். கர்நாடக சங்கீதம் என்றால் சாப்பாடு கூட வேண்டாம் என்பவர். சபாக்களிலும் வானொலியிலும் பதிவு செய்த கேசட்டுகள் முந்நூறுக்கு மேல் வைத்திருக்கிறார். 1980-களில் வாங்கிய ஆம்ப்ளிபயரில் 'உம்' என்ற இரைச்சல் வரத் தொடங்கியதும், புதிதாகவே வாங்கிவிடலாம் என்று ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனார். ஆம்ப்ளிபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், சி.டி. பிளேயர், ஒயர்கள் எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் விலை ஏறப் போகிறது, இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள் என்றும் சொன்னார்களாம். பணம் கிராச்சுவிட்டியிலிருந்து வர வேண்டும். அவருடைய துணைவியார் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் இன்ஜினீயராச்சே, அதிலே அப்படி என்னதான் இருக்குன்னு சொல்லுங்கோ" என்றார்.

ஷோரூம் கொடுத்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கு இளமையில் தெரிந்த சங்கதிகளே அதில் பெரும்பாலும் இருந்தன. விலை மட்டும்தான் புதிது.

முதலில், ஏன் மாறவில்லை என்பதைப் பார்ப்போம். ஆம்ப்ளிபயரின் வேலை, உள்ளே வரும் மின் அலையை வடிவம் மாறாமல் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது. அந்த வடிவ மாற்றத்தை நூற்றில் ஒரு பங்குக்கும் வெகு கீழே கொண்டுவரும் வித்தை 1970-களிலேயே கைவந்துவிட்டது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1982-ல் கொண்டுவந்த சி.டி., ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறது. ஒரு அலையைத் திரும்ப உருவாக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். நல்ல இளம் காதே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. ஆகவே கணக்கு அப்போதே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றங்களில் பல, எங்கள் வயதுக்காரர்களின் காதுக்கு எட்டாத உயரத்தில் நடந்தவை. டீசல் ஷெட்டில் வேலை பார்த்த என் காதைக் கேட்கவே வேண்டாம்!

மாறாமல் இருப்பது குற்றமும் அல்ல. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955-ல் ஸ்விஸ் வடிவமைப்பில் தொடங்கிய பெட்டியை 2018 வரை கட்டினோம். வாக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தது. பெட்டியின் அடிப்படை அதேதான். ஆனால் பழைய வடிவம் என்பதற்காக யாரும் கூடுதல் விலை கேட்கவில்லை. ஆடியோவில் அதுவும் நடக்கிறது. ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி 1970-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் எல்.பி.12 ரிகார்டு பிளேயரின் ஐம்பதாவது ஆண்டுக்காக, 2023-ல் 250 மட்டும் செய்து, ஒன்று 50,000 பவுண்டு என்று விற்றது. நம் கணக்கில் அரைக் கோடி!

இதைக் கொள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. எண்ணிக்கைதான் இங்கே முக்கியம். ஓர் உதாரணத்துக்கு, ஸ்பீக்கர் பாகத்துக்கான அச்சு செய்ய இருபது லட்சம் ஆகிறது என்று வையுங்கள். இருபதாயிரம் ஸ்பீக்கர் விற்றால் ஒன்றின் தலையில் விழுவது நூறு ரூபாய். இருநூறு மட்டுமே விற்றால் பத்தாயிரம்! அதன் மேல் ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர், சுங்கம், ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொருவரும் சதவீதக் கணக்கில் ஏற்றுவதால், தொழிற்சாலையில் ஏறும் ஒரு ரூபாய் கடையில் பல ரூபாயாகிறது. முன்பு வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ வாங்கிய குடும்பங்கள் இன்று செல்போனிலும் சிறு புளூடூத் பெட்டியிலும் கேட்கின்றன. மிச்சமிருக்கும் சிலர் தலையில் மொத்தச் செலவும் இறங்குகிறது.

டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 என்ற ரிகார்டு பிளேயரின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1972-ல் வந்தது, அந்த வரிசையில் மொத்தம் 35 லட்சம் விற்றது. 2010-ல் நிறுத்தினார்கள். 2016-ல் மீண்டும் செய்ய முனைந்தபோது பழைய அச்சுகளை நம்பி ஓட்ட முடியவில்லை. மோட்டாரையும் புதிதாக வடிவமைத்தார்கள். அமெரிக்காவில் விலை 4,000 டாலர். பழைய ரசிகர்கள் வயிறெரிந்தார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே பாணியில் 2,000 டாலருக்குள் வேறு மாடல்களும் வந்தன. விற்பனை பெருகி அச்சுச் செலவு பரவினால் விலை இறங்கவும் செய்யும் என்பதற்கு இது அத்தாட்சி.

இன்னொரு சங்கடமும் உண்டு. எண்களாக இருக்கும் பாட்டை ஒலியலையாக மாற்றும் சில்லுகளை உலகில் சில கம்பெனிகளே செய்கின்றன. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோகா நகரில் அப்படி ஒரு தொழிற்சாலை தீப்பிடித்தது. அந்தச் சில்லையே நம்பியிருந்த பல கம்பெனிகள் வேறு சில்லுக்கு மாறி, சர்க்யூட் போர்டையே திரும்ப வரைய வேண்டி வந்தது. இன்ஜினீயர்கள் பல மாதங்கள் உழைத்தார்கள். கேட்பவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. வால்வு ஆம்ப்ளிபயர் பிரியர்களுக்கு 2022-ல் ரஷ்யப் போரினால் வால்வு கிடைப்பதே பெரும்பாடானது.

இவ்வளவு விலை விற்றும் கம்பெனிகள் கொழிக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. டெனான், மராண்ட்ஸ், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் எல்லாம் அடங்கிய குழுமத்தை மாசிமோ என்ற மருத்துவக் கருவிக் கம்பெனி 2022-ல் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2025-ல் சாம்சங்கின் ஹார்மனிடம் 35 கோடி டாலருக்குக் கைமாற்றியது.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: "சார், ஏழு லட்சத்தில் பெரும்பகுதி இசைக்கு அல்ல, குறைவாக விற்கும் பொருள் என்பதற்காகத் தருகிறீர்கள். வசதி இருந்தால் தாராளமாகத் தரலாம். ஆனால் கேசட்டில் இருக்கும் 'உஸ்' ஏழு லட்சத்துக்கும் போகாது. அது டேப்பிலேயே இருக்கிறது." முகம் வாடிவிட்டது. ஷண்முகானந்தா ஹாலில் கேட்பது போலவே கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கேயே நாம் கேட்பது மைக்கும் ஸ்பீக்கரும் வழியாகத்தானே!

அடுத்த சனிக்கிழமை பழைய ஆம்ப்ளிபயரைத் திறந்து பார்த்தோம். பவர் சப்ளையில் இருந்த இரண்டு பெரிய கண்டென்சர்கள் உலர்ந்து உப்பியிருந்தன. 'உம்' என்ற இரைச்சல் அதனால்தான். ஸ்பீக்கர் கோனின் விளிம்பில் உள்ள நுரை வளையம், மும்பை ஈரத்தில் இற்று, தொட்டதும் உதிர்ந்தது. லேமிங்டன் ரோட்டில் கண்டென்சர் வாங்கினோம். வளையம் ஒட்டித் தருபவர் ஒருவரும் கிடைத்தார். கேசட் டெக்கின் பெல்ட்டை மாற்றி, ஹெட்டின் பக்கத்துத் திருகைக் காதால் கேட்டபடி அரைச் சுற்று திருப்பினேன். அமுங்கிக் கிடந்த வயலின் மேலே வந்தது. ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் மேல் ஸ்தாயி மங்கிவிடும். புது ஆம்ப்ளிபயரால் அதைத் திருத்த முடியாது.

மொத்தச் செலவு எட்டாயிரத்துச் சொச்சம். பால்கனிப் பக்கத்து மொட்டைச் சுவரில் ஒரு கனத்த ஜமக்காளத்தை மாட்டியதும் எதிரொலியும் அடங்கியது. அதற்கு அவர் துணைவியாரின் அனுமதி கிடைக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று. இப்போது தினம் இரண்டு கேசட்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். டேப் உதிர்வதற்குள் முந்நூறையும் முடிக்க வேண்டும். நேற்று வரை நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது.