இருமுனை முகவரி மாற்றம்

இருமுனை முகவரி மாற்றம் என்பது ஒரு பொதி, ரவுட்டர் எனப்படும் திசைவியைக் கடக்கையில் அதன் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகிய இரண்டையும் மாற்றும் கணினி வலையமைப்பு முறையாகும். 1999 இல் வெளியான ஆர்எஃப்சி 2663 ஆவணம் இதனை 'ட்வைஸ் நாட்' எனக் குறிப்பிடுகிறது. பொதுவாக ஒரு முகவரியை மாற்றினாலே போதும்: இணையத்தை அணுக அனுப்புநர் முகவரியும், உள்ளிருக்கும் வழங்கியை வெளியாருக்குத் திறக்கப் பெறுநர் முகவரியும் மாற்றப்படும். கீழ்க்காணும் இரு சூழல்களில் அது போதாது.

ஒரே முகவரிகளைக் கொண்ட வலையமைப்புகள்

1996 இல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய தனியார் முகவரிகளை எவரும் பயன்படுத்தலாம். எனவே இரு நிறுவனங்கள் இணையும்போது இரண்டிலும் 192.168.1.0/24 இருக்கக்கூடும். முதல் நிறுவனத்தின் கணினி 192.168.1.10 ஐத் தேடினால், அதனைத் தன் வலையமைப்பிலேயே தேடும். பொதி திசைவியை அடையாது. ஆகவே இரண்டாம் நிறுவனம் முதலாவதற்கு 10.2.1.0/24 ஆகவும், முதல் நிறுவனம் இரண்டாவதற்கு 10.1.1.0/24 ஆகவும் காட்டப்படும்.

* புறப்படும்போது: அனுப்புநர் 192.168.1.20, பெறுநர் 10.2.1.10
* சேரும்போது: அனுப்புநர் 10.1.1.20, பெறுநர் 192.168.1.10

மறுமொழிப் பொதிக்கு இம்மாற்றம் தலைகீழாக நிகழும். களப்பெயர் வழங்கியும் மாற்றப்பட்ட முகவரியையே விடையாகத் தரவேண்டும்.

உள்ளிருந்து பொது முகவரியை அணுகுதல்

வழங்கி 192.168.1.10 இலும், பயனரின் கணினி 192.168.1.20 இலும், திசைவி 192.168.1.1 இலும் உள்ளன எனக் கொள்வோம். பயனர் வழங்கியின் பொது முகவரியான 203.0.113.5 ஐ அழைக்கிறார். பெறுநர் முகவரியை மட்டும் மாற்றினால், வழங்கி தன் அருகிலுள்ள கணினிக்குத் திசைவியைத் தவிர்த்து நேரடியாக மறுமொழி அனுப்பிவிடும். 203.0.113.5 இலிருந்து விடையை எதிர்பார்க்கும் கணினி, 192.168.1.10 இலிருந்து வருவதை ஏற்காது. அனுப்புநர் முகவரியையும் 192.168.1.1 என மாற்றினால், மறுமொழி திசைவி வழியாகவே திரும்பும்.

குறைபாடுகள்

இரண்டாம் சூழலில் உள்ளகப் பயனர் அனைவரும் வழங்கியின் பதிவேட்டில் 192.168.1.1 ஆகவே தெரிவர். இவ்விதியை வெளியிலிருந்து வருவோருக்கும் பொருத்திவிட்டால் அவர்களும் அவ்வாறே தெரிவர். அப்போது தாக்குதல் நடத்தும் ஒருவரை முகவரி கொண்டு தடுக்க முயன்றால் அனைவரும் தடுக்கப்படுவர். எனவே விதியை உள்ளக முகவரிகளுக்கு மட்டும் வரையறுக்க வேண்டும்.

மாற்று வழிகள்

உள்ளகப் பயனருக்கு மட்டும் களப்பெயர் வழங்கி 192.168.1.10 ஐ விடையாகத் தரலாம். வழங்கியைத் தனி உபவலையமைப்பில் வைக்கலாம். முகவரிகள் மோதும் நிறுவனங்களில் ஒன்றுக்குப் புதிய முகவரிகள் இடுவதே நிலையான தீர்வாகும்.