பட்டம் வந்தது, பட்டாடை எங்கே?

விண்ணில் சென்ற கப்பல் உடைந்தது. மூன்று பேர் உயிர் தப்பி, முன்பின் தெரியாத கிரகத்தில் விழுந்தார்கள். இனி அங்கேதான் வீடு கட்ட வேண்டும். பயிர் செய்ய வேண்டும். பகைவரை விரட்ட வேண்டும்.

இது கதை அல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டு! பெயர், 'ரிம்வேர்ல்டு'. 2018-ல் முழுமையாக வெளிவந்தது. 2020-ல் 'ராயல்டி' என்ற புதிய பகுதி சேர்ந்தது. அதில் ஒரு பேரரசு வருகிறது. அதற்கு உதவியவருக்குப் பட்டம் கிடைக்கும்.

பட்டம் மட்டும் போதுமா? உயர்ந்த பட்டத்துக்கு உயர்ந்த உடை வேண்டும். உரிய உடை இல்லாவிட்டால் பிரபுவின் மனம் வாடும். மனம் மிகவும் கெட்டால் நிலை தடுமாறிவிடுவார்!

மானம் யார் கையில்?

பெரிய பட்டக்காரர் சில வேலைகளைத் தொடவே மாட்டார். அவர் மானத்தைக் காப்பவர் தையற்காரர். துணி ஒன்றுதான், கைத்திறன்தான் வேறு. அதற்கேற்ப உடைக்கு 7 தரங்கள். மிக மட்டமான உடை, சாதாரண உடையின் விலையில் பாதிதான் பெறும். கைதேர்ந்தவர் தைத்தது ஐந்து மடங்கு வரை போகும். வியாபாரி வெள்ளியை எண்ணிக் கொடுத்து வாங்குவார்.

நல்ல துணிக்காக 'டெவில்ஸ்டிராண்ட்' என்ற காளானைப் பயிரிடுவார்கள். அது மிக மெதுவாக வளரும். அதற்குள் கடுங்குளிர் வந்தால் அத்தனையும் பாழ்!

செத்த பகைவரின் சட்டையை உருவி விற்றால் என்ன? விலை அடிமட்டத்துக்குப் போய்விடும். உடுத்தினாலோ மனம் கூசும்.

புது அங்கியில் பிரபு மகிழ்கிறார். மீதி உடைகளை விற்ற வெள்ளியில் மருந்து வருகிறது, ஊர் பிழைக்கிறது. தையற்காரர் அடுத்த துணியை எடுக்கிறார்.