கத்தரி யார் கையில்?

ஊரைச் சுற்றிவந்து பிள்ளைகளே கூடி எடுத்த ஆவணப்படம் என்றால் திரைவிழாக்களில் தனி மரியாதை கிடைக்கிறது. கேமராவைக் கொடுத்துவிட்டால் குரலும் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. அது பாதிதான் சரி. படம் யாருடையது என்பது எடிட்டிங் மேசையில்தான் முடிவாகிறது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் சாதாரண ஃபிலிம் கேமராக்களைக் கொடுத்துப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார் ஜானா பிரிஸ்கி. 2005இல் ஆஸ்கர் வாங்கிய ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ ஆவணப்படம் அந்தக் கதைதான். சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக அச்சான காண்டாக்ட் தாளைக் குனிந்து பார்த்து, எது தேறும், எது வேண்டாம் என்று பிள்ளைகள் பொறுக்கி எடுக்கும் இடம்தான் அந்தப் படத்தின் உயிர். ஆனால் அவர்கள் பொறுக்கியது புகைப்படங்களை மட்டும். படத்தை வெட்டி ஒட்டியது பெரியவர்கள். அதில் தாய்மார்கள் பெரும்பாலும் பொறுப்பில்லாதவர்களாகவே தெரிகிறார்கள். அங்கேயே பல ஆண்டுகளாகப் போராடிவந்த பாலியல் தொழிலாளர் அமைப்பான துர்பார் தலைகாட்டவே இல்லை. பிள்ளைகளைக் கேட்டிருந்தால் அம்மாவை இப்படித்தான் காட்டியிருப்பார்களா?

டெல்லியில் வேறு விதமாக நடந்தது. அங்குர் என்ற கல்வி அமைப்பும் சராய் ஆய்வு மையமும் 2001இல் தொடங்கிய சைபர்மொஹல்லா என்ற திட்டத்தில், எல்.என்.ஜே.பி. காலனி, தட்சிண்புரி இளைஞர்கள் தங்கள் தெருக்களில் திரிந்து எழுதினார்கள், ஒலிப்பதிவு செய்தார்கள், படம் எடுத்தார்கள். எழுதியதைக் கூட்டத்தில் வாசிக்க, மற்றவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். யமுனைக் கரையில் இருந்த நாங்லா மாச்சி குடிசைப் பகுதி 2006இல் இடிக்கப்பட்டபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. இடிக்கும் அன்று வந்து இறங்கும் டி.வி. கேமராவுக்கு இடிபாடும் அழுகையும்தான் கிடைக்கும். அதற்கு முன் வாரக்கணக்கில் ஓடும் வதந்தி, எந்த ஆண்டுக் காகிதம் இருந்தால் மாற்றிடம் கிடைக்கும் என்ற விசாரிப்பு, இதெல்லாம் அங்கேயே கிடப்பவர் காதில்தான் விழும். 2007இல் இந்தியில் வந்த ‘பஹுரூபியா ஷஹர்’ என்ற நூல் அந்தக் கூட்டு உழைப்பின் பலன்.

பத்துப் பேர் கூடி வெட்டினால் படம் உருப்படாது, தேர்ந்த எடிட்டர் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் கோலின் லோ எடுத்த படங்களில் கேமராவும் எடிட்டிங்கும் தேசியத் திரைப்பட வாரியத்தாருடையவை. ஆனால் படத்தில் பேசிய தீவு மக்கள் முதலில் பார்த்துச் சம்மதித்த பிறகே படம் அடுத்த ஊருக்குப் போனது. திறமையை இரவல் வாங்கலாம்; முடிவெடுக்கும் உரிமையை இரவல் கொடுக்கத் தேவையில்லை. உரிமை கைக்கு வந்தால் தங்களுக்கு வேண்டாததை மறைத்துவிடுவார்களே என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் வெளியார் மட்டும் மறைப்பதில்லையா? சோனாகாச்சிப் படத்தில் துர்பாரைக் காணாமல் செய்தது பிள்ளைகள் அல்லவே. உள்ளூர் மறைப்புக்கு மருந்து, டெல்லிக் கூட்டத்தில் விழுந்த அந்தத் துருவல் கேள்விகள்.

ஆகவே இளைஞர்களைக் கூட்டிப் படப் பட்டறை நடத்தும் நிறுவனங்கள் முதல் நாளே எழுதிக்கொடுக்கட்டும்: கடைசி வெட்டு யாருடையது, யார் வேண்டாமென்றால் ஒரு காட்சி போகும், படம் எங்கெல்லாம் திரையிடப்படும். எழுதிக்கொடுக்க மனமில்லாதவர்கள் போஸ்டரில் ‘பிள்ளைகள் எடுத்த படம்’ என்று போடாமல் இருந்தால் போதும்.