மரபும் மேடையும்: கம்பன் அடிப்பொடி சா. கணேசனின் பொதுவாழ்வு

காரைக்குடி சா. கணேசன் (1908–1982) அரசியலில் பழமைவாதியாகவே அறியப்பட்டவர். காந்தியடிகளைப் பின்பற்றி விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட அவர், இராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் சார்பில் 1962இல் காரைக்குடித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரானார். அரசின் தலையீடு குறைந்த பொருளாதாரத்தை வலியுறுத்திய அக்கட்சி, வணிக மரபு வேரூன்றிய செட்டிநாட்டில் செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை. எனினும், அவருடைய பழமைவாதத்தின் இயல்பைக் கட்சி மேடையைவிடக் கம்பன் மேடையே தெளிவாகப் புலப்படுத்துகிறது.

கம்பன் கழகத்தை அவர் 1939இல் காரைக்குடியில் நிறுவினார். முதல் விழா ரசிகமணி டி.கே.சி. தலைமையில் நிகழ்ந்தது. இராமகாதை பங்குனி அத்தத்தன்று அரங்கேறியது என்னும் மரபையொட்டி, விழாவின் நிறைவுநாள் கம்பர் சமாதி உள்ளதாகக் கருதப்பெறும் நாட்டரசன்கோட்டையில் அமைந்தது. அக்காலச் சூழல் கருதத்தக்கது. கம்பராமாயணத்தைத் தீயிட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்து, 1943இல் அறிஞர் அண்ணா சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் சொற்போர் நிகழ்த்தினார். காரைக்குடி மேடையோ ஆண்டுதோறும் காவியத்தைச் சுவைத்துக் காட்டுவதையே தன் விடையாகக் கொண்டது.

அம்மேடையில் யார் யார் பேசினர் என்பதே இங்கு முதன்மையான சான்று. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம், நீதிபதி மு.மு. இஸ்மாயில், குன்றக்குடி அடிகளார் ஆகியோர் அங்குக் கம்பனைப் பேசினர். கொள்கையாலும் சமயத்தாலும் வேறுபட்டோரை வரவேற்ற கணேசன், நேர ஒழுங்கில் மட்டும் எவருக்கும் விலக்களிக்கவில்லை. பழமையைக் காத்தல் என்பது அவரிடம் ஆளை விலக்குவதாக அன்றி, அவையின் நெறியைக் காப்பதாக வெளிப்பட்டது எனலாம்.

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் குறிப்பிடும் பட்டிமண்டபம் இக்காலத்தில் மக்களிடையே பரவியதில் காரைக்குடி விழாவுக்குப் பெரும்பங்குண்டு. பாத்திரங்களின் செயலை வழக்காக்கி, பாடலைச் சான்றாக நிறுத்தி, நடுவரின் தீர்ப்புக்கு விடுவது அதன் அமைப்பு. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சென்றபின் நகைச்சுவை மிகுந்து பாடற்சான்று மெலிந்தது. அதற்குக் கணேசன் பொறுப்பல்லர்.

காரைக்குடிக் கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்ப அவர் முனைந்தபோது, 1975இல் அடிக்கல் நாட்டியவர், கம்பனைக் கடுமையாக எதிர்த்த இயக்கத்தில் வளர்ந்த முதலமைச்சர் மு. கருணாநிதி. கோயில் திறக்கப்பட்டது 1993இல். கணேசன் மறைந்து பதினோராண்டுகள் கழிந்திருந்தன.