உறைக்குள் இருந்த சீட்டு

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, காசநோய்க்கு எதிரான புதிய மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் கொஞ்சம் வந்து சேர்ந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும் அளவுக்கு இல்லை. இருந்ததை வைத்து மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு சோதனையைத் தொடங்கியது. இரண்டு நுரையீரல்களிலும் நோய் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த 107 இளம் நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர். முடிவு 1948-இல் வெளியானது.

4, 14 என்ற எண்களைப் பார்த்ததும் மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: யாருக்கு மருந்து என்று முடிவு செய்தது யார்?

மருத்துவர் கையில் அதை விட்டிருந்தால், பிழைக்கக்கூடியவர் என்று அவர் மனதுக்குப் பட்டவருக்கே மருந்து போயிருக்கும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, இரக்கமே போதும். பிறகு எத்தனை பேர் பிழைத்தாலும் அது மருந்தின் வெற்றியா, தேர்வின் வெற்றியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒதுக்கீட்டைத் தீர்மானித்து, ஒவ்வொன்றையும் ஒட்டிய உறைக்குள் வைத்தார். இவர் சோதனைக்குத் தகுதியானவர் என்று உறுதியான பிறகுதான் அவருக்குரிய உறை பிரிக்கப்பட்டது. உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலில் ஓலையை எடுக்க விவரமறியாத சிறுவனை நிறுத்தியதும் இதே கவலையால்தான். குலுக்கல் இருந்தால் மட்டும் போதாது. அடுத்து வருவது எந்தச் சீட்டு என்று யாருக்கும் தெரியக் கூடாது.

குலுக்கலின் அற்புதம் இங்கேதான் இருக்கிறது. வயது, எடை, நோயின் தீவிரம் போன்றவற்றை நாம் அளந்து இரு பக்கமும் சமமாக்கிவிடலாம். அளக்கவே தெரியாதவை, நாம் இன்னும் பெயர்கூட வைக்காதவை, அவற்றையும் இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகப் பரப்பிவிடுவது குலுக்கல் ஒன்றுதான். ஆட்கள் கூடக் கூட அந்தச் சமநிலை உறுதிப்படும்.

அடுத்த கேள்வி, முடிவை அளந்தவருக்கு என்ன தெரியும் என்பது. அந்தச் சோதனையில் எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு, எது யாருடைய படம், அவருக்கு மருந்து கிடைத்ததா என்பது சொல்லப்படவில்லை. எதிர்பார்ப்பு கண்ணையும் ஏமாற்றும்.

இவ்வளவு நேர்த்தியாக நடந்த சோதனையிலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: எவ்வளவு காலம் பார்த்தார்கள்? ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும் பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தார்கள். தொடக்கத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. தனி மருந்துக்குக் கிருமிகள் பழகி எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தன. முதல் முடிவு பொய்யல்ல. ஆறு மாதத்துக்கு அது உண்மை. ஒரே மருந்தை நம்பாமல் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழி இந்த அனுபவத்திலிருந்துதான் வலுப்பெற்றது.

அந்தக் கூட்டு மருந்துகளோடு அடுத்த பெரிய கேள்வி சென்னையில் கேட்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, ஊட்டமான உணவு கொடுத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா? தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் பிரித்தது. இரு தரப்புக்கும் அதே மாத்திரைகள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

இதையும் அதே கறாரோடு படிக்க வேண்டும். யார் எங்கே இருந்தார்கள் என்பதை மறைக்க வழியே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டியது ஆய்வகத்தின் சளிப் பரிசோதனை. வீடா சானடோரியமா என்பது சளியில் இருக்கும் கிருமிக்குத் தெரியாது. ஆனால் அந்த 6 சதவீத இடைவெளி? இத்தனை பேரை மட்டும் வைத்துப் பார்க்கும்போது அது தற்செயலாகவும் வரலாம். உண்மையான வித்தியாசம் 15 சதவீதம் வரை இருக்கவும் இடமுண்டு. ஆக, இரண்டும் துல்லியமாகச் சமம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. கட்டிலுக்கு வழியில்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு வீட்டிலேயே நல்ல சிகிச்சை தர முடியும் என்பதை நிறுவியது. கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் போதும் என்பதே என் தீர்ப்பு. உலக நாடுகளும் சானடோரியங்களைக் கைவிடத் தொடங்கின.

1959-இல் வந்த அந்த அறிக்கை உலக சுகாதார நிறுவனத்தின் இதழ்த் தொகுப்பில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் அதன் முடிவுப் பகுதிக்குத் தாவிவிடாமல், நோயாளிகளை எப்படிப் பிரித்தார்கள், விடுபட்டவர்களை எப்படிக் கணக்கில் கொண்டார்கள் என்ற பக்கங்களை முதலில் படிக்கட்டும்.